இடம் கேட்டு வந்த பெயர்கள்

பந்தல் திறக்க இன்னும் இருபது மணி நேரம் இருந்தது. அதற்குள் தன் புரோகிராமை ஒவ்வொரு வழியிலும் தோற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்றாள் ரேணுகாம்பாள்.

"ஜெயிக்குதான்னு பாக்க வேணாமாக்கா?" என்று கேட்டேன்.

"அதை எல்லாரும் பாப்பாங்க. நீ உக்காந்து தோக்கறதை எண்ணு."

எண்பத்தெட்டாம் வருடத்துக் கார்த்திகை. திருவண்ணாமலையில் தேரடி வீதி ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலிகள். உரிமையாளர் ராமகிருஷ்ணன் சார். பகலில் ரைஸ் மில்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்போம், சாயங்காலம் வகுப்பு நடக்கும். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ரேணுகாக்கா வேங்கிக்கால்காரி, பௌதிகம் படித்தவள். சென்னையில் ஆறு மாதம் தங்கி சி மொழி கற்றுக்கொண்டு வந்தவள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்கும் நேரத்தில் நான் ஒரு கேள்வியை யோசித்து, வேண்டாம் என்று விட்டிருப்பேன்.

தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் ஆள் தொலைவது வருடா வருடம் நடக்கும். ஒரு சேவை சங்கத்தார் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, மைக்கில் பேர் சொல்லி ஆளைச் சேர்த்து வைப்பார்கள். சங்கத்துக்குத் தலைவி ராணியம்மாள், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அந்த வருடம் பந்தலுக்குக் கம்ப்யூட்டரைத் தருவதாக சார் சொல்லிவிட்டு வந்திருந்தார். ராணியம்மாள் மாடியேறி வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

"ஊர் ஊரா ஜனங்க பேர் குடுப்பாங்க. குடுத்த பேர்ல ஒண்ணு தவறினாலும் இதைத் தூக்கிட்டுப் போயிடணும். எங்களுக்கு மைக்கும் வாயும் போதும்."

"தவறாது டீச்சரம்மா" என்றாள் ரேணுகாக்கா.

"யார் பொறுப்பு?"

"நான்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராணியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ரேணுகாக்காவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

புரோகிராம் செய்ய வேண்டிய வேலை எளிது. வருகிறவர்கள் பேர், ஊர், அடையாளம், லாரி நிற்கும் இடம் ஆகியவற்றைச் சொல்வார்கள். நாங்கள் டைப் அடித்து வைப்போம். யாராவது தனியாக வந்து நின்றால் ஊர்ப் பெயரை அடித்தால் போதும், அந்த ஊர்க்காரர்களும் அவர்கள் காத்திருக்கும் இடமும் திரையில் வரும். எல்லாம் மெமரியிலேயே இருக்கும். ஃப்ளாப்பியில் தேடச் சொன்னால் டீ குடித்துவிட்டு வரலாம், மெமரியில் தேடினால் விரலை எடுப்பதற்குள் பதில் வரும்.

மெமரி அறுநூற்று நாற்பது கே. அதில் இடத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க ரேணுகாக்கா ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு ஊரிலிருந்து நாற்பது பேர் வந்தால் ஊர்ப் பெயரை நாற்பது முறை எழுத வேண்டாம். ஒரு முறை எழுதி, பக்கத்தில் நாற்பது என்று எண் போட்டால் போதும். ஆட்கள் சேர்ந்து போகப் போக எண் ஒவ்வொன்றாகக் குறையும். பூஜ்யம் ஆனால் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தை மெஷினுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். லாரி நிற்கும் இடங்களுக்கும் இதே கணக்கு. இப்படி வைத்தால் மூவாயிரம் பேருக்குத் தாராளம்.

"தாராளம்னா அப்புறம் எதுக்குக்கா தோக்க வெக்கிறீங்க?"

"தாராளம்னு நான் சொல்றேன். மெஷின் சொல்லுச்சா?"

ஒவ்வொரு முறை இடம் வேண்டும்போதும் புரோகிராம் மெஷினைக் கேட்கும். மெஷின் கொடுக்கும், அல்லது இல்லை என்று கையை விரிக்கும். விரித்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை, பாதி வேலையில் நின்றுபோகும் அல்லது கண்ட இடத்தில் எழுதிவிடும் என்றாள். அதனால் நடுவில் ஒரு சின்ன வாட்ச்மேனை நிறுத்தியிருந்தாள். இடம் கேட்பதெல்லாம் அவன் வழியாகத்தான் போக வேண்டும். முதல் தடவை கேட்டால் மறுத்துவிடு என்று அவனிடம் சொல்லலாம். அது முடிந்ததும் முதலாவதை விடு, இரண்டாவதை மறு. பிறகு மூன்றாவதை. இப்படி ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் உள்ளே இருக்கும் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சார் பூக்கடையிலிருந்து கதம்பத்தோடு வந்தார். திரையைப் பார்த்தார். தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில் 'இடம் இல்லை' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா மெஷினை இல்லை இல்லைன்னு சொல்ல வெச்சிக்கினு இருக்க?"

"இன்னிக்குச் சொல்லிப் பழகினாத்தான் சார், வேணும்போது ஒழுங்கா சொல்லும்."

"நெறைஞ்சிருக்குன்னு சொல்ல வையேன். எங்க வீட்ல அரிசி தீர்ந்தாக்கூட அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்க வீட்ல எல்லாருக்கும் அது தெரியும் சார். இங்க டைப் அடிக்க யார் வேணா வருவாங்க. அவங்க நெறைஞ்சிருக்குன்னு சந்தோஷமா எழுந்து போயிட்டா?"

சார் சிரித்துக்கொண்டே மானிட்டர் மேல் பூவை வைத்துவிட்டுப் போனார்.

சோதனைக்காக முதலில் என் பெயரைக் கொடுத்திருந்தோம். வள்ளி, கீழ்பென்னாத்தூர். அதே ஊரிலிருந்து இரண்டாவதாக ஒரு ஆள் வருவதாக வைத்துக்கொண்டு, அவருக்கு இடத்தை மறுத்துப் பார்த்தோம். முதல் மறுப்பு, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதும் சரி. நான்காவது மறுப்புக்குப் பிறகு என் பெயருக்கு எதிரே ஊர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ இருந்தது. சொல்லலாமா, நான்தான் தப்பாகப் பார்க்கிறேனா என்று யோசித்தேன். பென்சிலால் திரையைத் தொட்டுக் காட்டினேன்.

"அக்கா, எங்க ஊரைக் காணோம்."

"உங்க ஊர் இருந்தா இன்னா, போனா இன்னா. வேர்க்கடலை மூட்டையும் நாலு வேனும்தான இருக்குது அங்க" என்றபடி திரும்பினாள்.  பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் முகம் சுருங்கும். அவள் முகம் தெளிந்தது. குத்திய முள் எந்த இடத்தில் இருக்கிறது என்று கைக்குத் தட்டுப்பட்டவள் மாதிரி இருந்தாள்.

காகிதத்தில் நான்கு கோடு போட்டு எனக்குச் சொன்னாள். ஒரு ஆளைச் சேர்க்க நான்கு முறை இடம் கேட்க வேண்டும்: அந்த ஆளுக்கு ஒரு தாள், பேருக்கு, அடையாளத்துக்கு, லாரி நிற்கும் இடத்துக்கு. மூன்று கிடைத்துவிட்டது. ஊர் ஏற்கெனவே இருப்பதால் இதுதான் ஊர் என்று தாளில் காட்டியும் ஆகிவிட்டது. ஊரின் எண்ணை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. நான்காவது இடம் மறுக்கப்பட்டதும் புரோகிராம் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பும். திரும்பும்போது தாளில் ஊர் இருப்பதைப் பார்த்து, அதன் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டது. அந்த ஒன்று என்னுடையது. எண் பூஜ்யமாகி ஊரே போய்விட்டது.

"ஏத்தவே இல்ல. இறக்கிட்டேன்" என்றாள். "வாங்காததைத் திருப்பிக் குடுத்திருக்கேன் பாரு. இவன் உள்ள வர முடியலன்னா இவன் போகட்டும். உன் ஊரை எதுக்குக் கூட்டிக்கினு போறான்?"

அந்தப் பகுதி முழுவதையும் அழித்துவிட்டாள். ஒரு வரியை மாற்றினால் போதும் என்று எனக்குப் பட்டது. அவள் வரிசையையே மாற்றினாள். முதலில் வேண்டிய இடங்களை எல்லாம் கேட்டு வாங்கு. எது மறுக்கப்பட்டாலும், கையில் வாங்கியதை மட்டும், வாங்கியதற்கு எதிர் வரிசையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுத்தார்கள் என்று மேலே சொல். எல்லாம் கைக்கு வந்த பிறகு ஊரின் எண்ணை ஏற்று, ஆளைப் பட்டியலில் சேர். அந்தக் கடைசிப் பகுதியில் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அதனால் மறுக்கவும் யாரும் இல்லை.

பட்டியல் நீளும் இடத்திலும் ஒரு வரியை மாற்றினாள். "பெரிய எடம் கேக்கறோம். கெடைக்கலன்னா பழைய எடமும் கையை விட்டுப் போவுது, பாரு இங்க. வேற வூட்டுக்குப் போறவ புது வூட்டுச் சாவி கைக்கு வராம பழசைக் காலி பண்ணுவாளா?"

"மாட்டா."

"நான் பண்ணியிருக்கேன்."

இன்னொன்றும் செய்தாள். ஆரம்பத்திலேயே கொஞ்சம் மெமரியை வாங்கித் தனியாக ஒதுக்கி வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "இடம் இல்லைன்னு சொல்றதுக்கும் கொஞ்சம் இடம் வேணும்டி. அதுவும் இல்லாமப் போனா, சொல்ல வாய் இருக்காது."

மறுபடியும் முதல் மறுப்பிலிருந்து ஆரம்பித்தோம். சாப்பிட்டுவிட்டு வந்தும் மறுத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வாட்ச்மேனுக்கு மறுக்க எதுவும் மிச்சம் இல்லை. என் பெயருக்கு எதிரே கீழ்பென்னாத்தூர் அசையாமல் இருந்தது. தான் செய்ததைத் தானே இத்தனை முறை உடைத்துப் பார்க்கும் ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்லூரியில் எங்களுக்கு விடை சரியாக வந்தால் நோட்டை மூடிவிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் பந்தலுக்குப் போனபோது மெஷின் மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது. சந்தனம், குங்குமம். புரோகிராம் பேர் கேட்டுக் காத்திருந்தது.

"நாங்க வந்து போட்டிருப்போமே சார்" என்றாள் ரேணுகாக்கா.

"நல்ல நேரம் அஞ்சரைக்கே போயிடுதும்மா. அதான் நானே போட்டுட்டேன்."

அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. பகலில் நாங்கள் இருவரும் டைப் அடித்தோம். இரவுக்கு சாரும் வகுப்பு மாணவர்களும் உட்கார்ந்தார்கள். மைக் காசி அண்ணனிடம் இருந்தது. எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். "வேட்டவலம் கன்னியம்மாள், வேட்டவலம் கன்னியம்மாள். உங்க வீட்டுக்காரர் பந்தலாண்ட நிக்கிறாரு. நீங்கதான் தொலைஞ்சிட்டீங்கன்னு சொல்றாரு. சீக்கிரமா வந்து அவரைக் கூட்டிக்கினு போங்க" என்று அவர் சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் தொலைந்த கவலையை மறந்து சிரிப்பார்கள். ராணியம்மாள் நாற்காலியை எங்களுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து, திரையை ஒரு கண்ணும் வரிசையை ஒரு கண்ணுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபத்தன்று காலை பதினோரு மணிக்கு, கலசபாக்கத்திலிருந்து வந்த ஒருவரின் பேரை அடித்து முடித்தேன். திரையில் வந்தது.

இடம் இல்லை. இந்தப் பேரைக் காகிதத்தில் எழுதவும். மற்றவை பத்திரம்.

நான் ரேணுகாக்காவைப் பார்த்தேன். அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம். மூவாயிரம் என்று சொல்லியிருந்தாள்.

"காகிதத்துல எழுது" என்றாள். குரல் மாறவில்லை. கலசபாக்கத்துக்காரரிடம், "உங்க பேர் எழுதிக்கிட்டோம்ங்க. கவலைப்படாதீங்க" என்றாள். பிறகு உள்ளே இருந்த பெயர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பார்த்தாள். போளூர் வந்தது. தண்டராம்பட்டு வந்தது. ஊர், அடையாளம், லாரி எல்லாம் அப்படியே இருந்தன.

"சொல்ல வேண்டியதைச் சரியாத்தான் சொல்லுது" என்றாள் என் காதருகில். "ஆனா இப்ப சொல்லக் கூடாது."

ராணியம்மாள் எழுந்து வந்தார். "இன்னா ஆச்சு?"

"மெஷின் நெறைஞ்சிடுச்சு டீச்சரம்மா. எடுக்க முடியாத பேரை அதுவே சொல்லுது. அதை மட்டும் கையில எழுதி வெச்சிக்கிறோம். யாராவது சேர்ந்து போனா இடம் வரும், அப்ப உள்ள போடுவோம்."

"ஏற்கெனவே போட்ட பேருங்க?"

"ஒண்ணும் போகல."

 ராணியம்மாள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சார் அப்போது டீ டம்ளர்களோடு வந்தார். ரேணுகாக்கா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். நானும் போனேன்.

"சார், ஃப்ளாப்பில எல்லாத்தையும் எழுதிட்டு ஒருதடவை ஆஃப் பண்ணிப் போடலாம். போடும்போது எவ்ளோ மெமரி இருக்குன்னு அதுவே எண்ணிக் காட்டும். குறை மெஷின்லயா, என்கிட்டயானு தெரிஞ்சிடும்."

"இந்தக் கூட்டத்துலயா? வேணாம்மா. ஆஃப் பண்ணா திரும்ப வருதோ வரலையோ."

"இங்க கொண்டாந்தப்ப மெஷின்ல ஏதாச்சும் மாத்தினீங்களா சார்?"

"அதே மெஷின்தாம்மா. வெச்ச பொட்டுகூட அப்படியே இருக்குது பாரு" என்றார். டீயை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார்.

ரேணுகாக்கா புரோகிராமின் பிரிண்டைப் பையிலிருந்து எடுத்தாள். என்னை டைப் அடிக்க விட்டுவிட்டுப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கேயோ ஓர் எண்ணை ஏற்றிவிட்டு இறக்க மறந்திருக்கிறாள், அதனால் போனவர்களின் இடம் திரும்பி வரவில்லை, அப்படித்தான் நிறைந்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். தப்பு மெஷினில் இருக்கலாம் என்று ஒரு முறைதான் கேட்டாள். அதற்குப் பிறகு தன் எழுத்தைத் தவிர வேறு எதையும் சந்தேகிக்கவில்லை. ஏற்றும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி, இறக்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனாள். கூட்டம் குறைந்தபோது என்னை அங்கே உட்கார வைத்து அவள் டைப் அடித்தாள். நானும் புள்ளிகளை எண்ணினேன்.

மூன்று மணி இருக்கும். தொண்டர்கள் இரண்டு பேர் ஓர் ஆளைக் கூட்டி வந்தார்கள். முப்பது வயதிருக்கும். புது வேட்டி. கையில் பொரிப் பொட்டலம். பேர் கேட்டால் சிரித்தான். ஊர் கேட்டால் கையை நீட்டினான். முன்னங்கையில் பச்சை குத்தியிருந்தது. சுப்பன், சோமாசிபாடி.

"பேச வராது போல" என்றார் காசி அண்ணன். "மைக்ல சொன்னாலும் அவங்க ஆளுங்க எந்த ரோட்டுல நிக்கிறாங்களோ."

நான் அடித்தேன். சுப்பன். சோமாசிபாடி. அடையாளம், பேச்சு வராது. இடம் இல்லை என்று வந்தது. காகிதத்தில் எழுதினேன். பிறகு ஊரை மட்டும் அடித்துத் தேடினேன். தேடுவதற்குப் புது இடம் எதுவும் தேவையில்லை.

சோமாசிபாடி. ஒருவர். தங்கம்மாள். காலையில் எட்டு மணிக்குப் பேர் கொடுத்தவர். தம்பியைக் காணவில்லை. அவலூர்பேட்டை ரோடு, மூன்றாவது லாரி.

 சோமாசிபாடியின் பக்கத்தில் எண் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்றுதான் தங்கம்மாள். சுப்பனுக்கு எந்தப் படியில் இடம் மறுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அது நான்காவது படியாக இருந்து, புரோகிராம் நேற்று முன்தினம் காலையில் இருந்த மாதிரியே இருந்திருந்தால், இவன் பேரை உள்ளே எடுக்க முடியாமல் திரும்பும்போது அவள் ஊரை அழித்துவிட்டுத் திரும்பியிருக்கும். நான் சோமாசிபாடி என்று தேடியிருப்பேன், யாரும் இல்லை என்று வந்திருக்கும். அக்காவும் தம்பியும் அரை மைல் தூரத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்றிருப்பார்கள்.

காசி அண்ணன் ஒரு பையனை சைக்கிளில் அனுப்பினார். தங்கம்மாள் ஓடித்தான் வந்தாள். வந்ததும் தம்பியின் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பேச வராதவனுக்குக் கால் மட்டும் ஒரு எடத்துல நிக்குதா பாரு. எங்கடா போன, பாவி. நாலு ரோட்டையும் சுத்திட்டேன்டா."

அவன் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினான்.

"இதுக்குத்தான் போனானாம்" என்று எங்களிடம் காட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க? மெஷின்ல இவன் படம் தெரியுதா?" என்று கேட்டாள்.

"உங்க தம்பிக்கு மெஷின்ல இடமே கெடைக்கலம்மா" என்றாள் ரேணுகாக்கா. "உங்க இடம் போகாம இருந்துச்சு. அவ்ளோதான்."

தங்கம்மாளுக்கு அது புரியவில்லை. எங்கள் இருவர் கையிலும் பொரி வைத்துவிட்டுத் தம்பியின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் அவள் பெயரை நீக்கினேன். சோமாசிபாடி பூஜ்யமாகி மறைந்தது. காகிதத்தில் காத்திருந்த முதல் பெயரை அடித்தேன். அந்தப் பெயர் உள்ளே போனது.

ஐந்து மணிக்கு மேல் வரிசை கலைந்துவிட்டது. எல்லோரும் மலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். இனி தீபம் ஏற்றும்வரை யாரும் பந்தல் பக்கம் வர மாட்டார்கள். ராணியம்மாள் எங்கள் மேஜைக்கு வந்து, மிச்சமிருந்த காகிதத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கொடுத்த பேர்ல ஒண்ணும் தவறல. நான் காலையிலேருந்து பாத்துக்கினு இருக்கேன்" என்றார். "நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் இன்னும் ஜாஸ்தி இருக்கும். மெஷின் இங்கயே இருக்கட்டும்."

அவர் வாயிலிருந்து அது வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. சார் பொரி உருண்டைத் தட்டோடு பின்னால் நின்றிருந்தார். அவர் முகம் மலர்ந்தது. ரேணுகாக்கா எழுந்து நின்றாள்.

"வேணாம் டீச்சரம்மா. எடுத்துடச் சொல்லுங்க."

"ஏன்?"

"மூவாயிரம் பேருக்கு இடம் இருக்குன்னு சொன்னேன். தொள்ளாயிரத்துல நெறைஞ்சிடுச்சு. எங்கயோ ஒழுகுது. நாள் பூரா தேடிட்டேன், எங்கன்னு தெரியல. நாளைக்கு முந்நூறுலயே நெறைஞ்சாலும் நெறையும். எனக்கே தெரியாததை நான் உங்க கையில குடுக்க மாட்டேன். தப்பு என்னுது."

"ஒண்ணும் கெட்டுப் போகலையேம்மா."

"இன்னிக்குக் கெட்டுப் போகல. ஏன் போகலன்னு சொல்ல முடியும். ஏன் நெறைஞ்சதுன்னு சொல்ல முடியல. அது போதாது."

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிரிண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எதையும் இனி அவளை நம்பி யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே மடித்தாள்.

"ஒழுகல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

"இந்தப் பொண்ணு பேசுமா?" என்றார் ராணியம்மாள்.

"நானும் எண்ணினேன் டீச்சரம்மா" என்றேன். மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "ஏத்தின எடமெல்லாம் எறக்கியிருக்காங்க. ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஒண்ணுகூட மிச்சம் இல்ல. அக்கா எழுதினதுல தப்பு இல்ல."

"அப்ப மிச்ச இடம் எங்கடி போச்சு?" என்றாள் ரேணுகாக்கா. கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.



"சரி" என்றாள் அவளே. "இப்ப கூட்டம் இல்ல. ஃப்ளாப்பில எழுதிட்டு ஆஃப் பண்ணிப் போடறேன். எண்ணிக் காட்டட்டும். அப்புறமா எடுத்துக்கினு போயிடலாம்." ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்தாள்.

சார் தட்டைக் கீழே வைத்தார்.

"ரேணுகா, வேணாம்மா" என்றார்.

"ஏன் சார்?"

அவர் எதையோ சொன்னார். மைதானத்துக்கு வெளியே ஜனங்கள் அரோகரா போட ஆரம்பித்திருந்தார்கள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ரேணுகாக்கா ஃப்ளாப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

ராணியம்மாள் அவர் பக்கம் திரும்பினார். ஒரு காலத்தில் அவரிடம் நான்காம் வகுப்பு படித்தவர்தான் சார்.

"வாய்க்குள்ளயே சொன்னா யாருக்குடா கேக்கும்? நிமிர்ந்து நின்னு, சத்தமா சொல்லு."

சார் நிமிர்ந்து நின்றார்.

"உள்ள சொருகியிருந்த மெமரி கார்டை நான்தான் கழட்டிட்டேன் டீச்சரம்மா. பாதிக்கு மேல மெமரி அதுலதான் இருந்துச்சு. வேலூர்ல மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வெச்சிருக்காரு. இந்த வருஷம் தங்கச்சிக்குக் கார்த்திகைச் சீரா அந்தக் கார்டைத்தான் வேணும்னு கேட்டு ஆள் அனுப்பியிருந்தாரு. பந்தலுக்குக் கொண்டாந்த அன்னிக்குச் சாயங்காலமே குடுத்தனுப்பிட்டேன். இந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."